ஆறு மணி அக்கா

விடியற்காலை ஆறு மணிக்கு அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டி, "ஒண்ணுக்குப் போகணும், வாங்க" என்று கூப்பிடுவதும் ஒரு வேலைதான் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. அந்த வேலை பார்த்தவளின் வீட்டுக்காரரே முதல் ஒரு வருஷம் சிரித்தவர்தான். முப்பது வருஷம் பஸ் ஓட்டிக் களைத்து வீட்டில் உட்கார்ந்திருந்த மனுஷர். "ஊருல சேவல் கூவி ஜனம் எழுந்திரிக்கும். எங்க வீட்டுல இவ போய்தான் சேவலை எழுப்பணும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் பெயர் ஆறு மணி அக்கா. பந்தயத்தில் ஓடுகிற ஓட்டக்காரர்கள் வைத்த பெயர். அதற்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருஷம் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஊசி போட்டதே தெரியாத கை. அங்கிருந்துதான் ஊக்கமருந்து சோதிக்கிற அலுவலகத்தில் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

வேலை இதுதான். பெரிய பந்தயங்களில் ஓடுகிறவர்கள் ஒவ்வொருவரும், நாளைக்கு எந்த ஒரு மணி நேரம், எந்த இடத்தில் இருப்பேன் என்று முன்கூட்டியே போனில் பதிந்துவைக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் காலை ஆறிலிருந்து ஏழு, வீடு என்றே பதிவார்கள். தூங்குகிற நேரம், எங்கே போய்விடப் போகிறோம் என்ற நினைப்பு. அந்த ஒரு மணிக்குள் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்டலாம். ஆள் இருந்தால் சிறுநீர் பிடித்து, இரண்டு பாட்டிலில் ஊற்றி, முத்திரை வைத்து எடுத்து வருவாள். ஆள் இல்லாவிட்டால் ஒரு புள்ளி. ஒரு வருஷத்தில் மூன்று புள்ளி விழுந்தால் இரண்டு வருஷம் ஓடக் கூடாது. மருந்து தின்றவனுக்கும் தூங்கிப்போனவனுக்கும் ஊர் வைக்கிற பெயர் ஒன்றுதான்.

விடியலில் அலைந்து அலைந்து அக்காவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. முழுசாக விழித்திருக்கவும் மாட்டாள், தூங்கவும் மாட்டாள். முதல் பஸ்ஸின் ஜன்னல் ஓரம், பனியில் கரைந்த தெருவிளக்கு, எங்கேயோ ஷட்டர் தூக்குகிற சத்தம், முன்னே பின்னே பார்த்திராத சந்து, ஒரு கதவு. போய்வந்தோமா, கனவு கண்டோமா என்று மத்தியானம் அவளுக்கே குழம்பும். கனவிலும் கதவுதான் வரும். தட்டினால் திறக்கும், உள்ளே இன்னொரு கதவு இருக்கும். ஒருநாள் தூக்கத்திலேயே எழுந்துபோய்த் துணி பீரோவைத் தட்டி, "சோதனைக்கு வந்திருக்கேன்" என்று சொன்னாளாம். வீட்டுக்காரர் படுக்கையிலிருந்தே, "உள்ள என் சட்டைதான் இருக்கு, அது எந்த மருந்தும் சாப்பிடலை" என்று பதில் சொன்னாராம்.

திறக்கிற முகங்கள் அவளுக்குப் பிடிக்கும். டிவியில் கொடி போர்த்திக்கொண்டு நிற்கிற அதே ஆள், கன்னத்தில் தலையணைக் கோட்டோடு, ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டு வந்து நிற்பார். அந்த நேரத்தில் எல்லாரும் குழந்தைகள்தான் என்பாள் அக்கா. ஓட்டம் என்றால் அவளுக்கு உயிர். தான் ஓடியதே இல்லை, பஸ்ஸுக்குக்கூட.

அவளுக்கு மிகவும் பிடித்த முகம் ஒன்று இருந்தது. வெளியே சொல்ல மாட்டாள், சொல்லவும் கூடாது. நெடுந்தூரம் ஓடுகிற ஒரு பெண். வயது இருபத்தாறு. அம்மா அப்பா இல்லை, தனியாக ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தாள். ஷூ கம்பெனி ஒன்று அவளைத் தத்தெடுத்த மாதிரி எடுத்துக்கொண்டது. மேலே போடுகிற பனியன் அவர்களுடையது, குடிக்கிற தண்ணீர் பாட்டில் அவர்களுடையது, எந்தப் பந்தயத்தில் ஓடலாம், எதில் உடம்பு சரியில்லை என்று சொல்லலாம் என்பதும் அவர்கள் முடிவு. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே கம்பெனியின் இரண்டு ஓட்டக்காரர்கள் போன வருஷம் மருந்தில் மாட்டினார்கள். அதே வருஷம் இந்தப் பெண் தன் பழைய நேரத்தைவிட இரண்டு நிமிஷம் குறைத்து ஓடிவிட்டாள். விடுவார்களா? பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. ஒருவர்கூட "மருந்து" என்று எழுதவில்லை. "வியப்பளிக்கும் முன்னேற்றம்" என்று எழுதினார்கள். கெட்டிக்காரர்கள்.

அக்கா அவளை ஏழு தடவை சோதித்திருக்கிறாள். ஏழும் சுத்தம். ஆனால் இரண்டு புள்ளி விழுந்திருந்தது. ஒன்று, வீடு மாறியதைப் பதிய மறந்தது. இன்னொன்று, அழைப்புமணி கெட்டுப்போய், இவள் பின்கட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தடவை தட்டியது வேறொருவர். இரண்டாவது புள்ளி விழுந்ததும் கம்பெனி ஓடி வந்தது. இனிமேல் விலாசம் பதிகிற தலைவலி உனக்கு வேண்டாம், எங்கள் ஆபீஸே பார்த்துக்கொள்ளும், நீ ஓடினால் போதும் என்றது. அவளும் நம்பிச் சரி என்றாள். தன் ஒரு மணி நேரத்தைத் தூக்கி அடுத்தவன் கையில் கொடுத்தாள். அவள் செய்த தப்பு இது ஒன்றுதான்.

அன்றைக்கு அக்கா அந்தப் பெண்ணின் வீட்டுச் சந்துக்குள் நுழையும்போது மணி ஐந்து ஐம்பத்தெட்டு. தூறிக்கொண்டிருந்தது. குடை விரித்திருந்தாள். சோதனை அலுவலகத்தில் எல்லாருக்கும் அந்த ஷூ கம்பெனி இலவசமாகக் கொடுத்த குடை. ஆறு மணிக்குத் தட்டினாள். பதில் இல்லை. விதிப்படி கொஞ்ச நேரம் விட்டு மறுபடி தட்டினாள். பின்கட்டுக்குப் போய் ஜன்னலில் தட்டினாள். கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. "எழுந்திரும்மா, எழுந்திரும்மா" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றாள்.

ஆறு முப்பத்தைந்துக்கு ஒரு கார் வந்து நின்றது. ஓட்டக்காரி என்று நினைத்து அக்கா பாதி சிரித்தும்விட்டாள். இறங்கியது கம்பெனி மேனேஜர். வாசனை தூக்கியடித்தது, சட்டை பளபளவென்று இருந்தது. ஓட்டக்காரி வந்துகொண்டே இருக்கிறாள் என்றார். நேற்று நெடுஞ்சாலை ஓட்டலில் புது ஷூ வெளியீட்டு விழா, நேரமாகிவிட்டதால் அங்கேயே தங்கவைத்தோம், விலாசத்தை மாற்றிப் பதிய வேண்டிய பையன் மறந்துவிட்டான், இவ்வளவுதான் விஷயம் என்றார். பிறகு, அக்காவின் ஒப்பந்தம் வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தம்தானே என்று சும்மா விசாரித்தார். அவளுடைய மேலதிகாரி நேற்று விழாவில் எப்படிச் சிரித்துப் பேசினார் என்பதையும் சொன்னார். அக்கா குடையை மடக்கிவிட்டு நனைந்தபடி நின்றாள்.

கடைசி ஐந்து நிமிஷத்தில் ஒரு தடவை போன் செய்யலாம் என்று விதி. ஆறு ஐம்பத்தைந்துக்குச் செய்தாள். எடுத்தவுடன் மூச்சு கேட்டது. பேச்சு இல்லை, மூச்சுதான். பிறகு, "பாலத்துகிட்ட வந்துட்டேன்க்கா" என்றது குரல்.

பாலத்திலிருந்து அந்த வீடு ஒன்றரை கிலோமீட்டர். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சந்தின் முனையில் அவள் திரும்பியதை அக்கா சாகும்வரை மறக்கப் போவதில்லை. எத்தனையோ பந்தயங்களில் எல்லைக் கோட்டில் நின்றிருக்கிறாள், இப்படி ஒரு ஓட்டத்தைப் பார்த்ததில்லை. கூட்டமில்லை, கைத்தட்டலில்லை. இரண்டு பக்கமும் மூடிய ஜன்னல்கள், நடுவில் மழைப்புகை, அதற்குள்ளிருந்து ஒரு பெண் சத்தமே இல்லாமல் வருகிறாள். சத்தமில்லாததற்குக் காரணம் கிட்டே வந்தபின்தான் தெரிந்தது. வெறுங்கால். விழாவில் அவள் காலில் மாட்டிய ஷூ படம் பிடிப்பதற்காகச் செய்தது, அதைப் போட்டுக்கொண்டு அரைக் கிலோமீட்டர்கூட ஓட முடியவில்லை. வழியிலேயே கழற்றி எறிந்துவிட்டு மிச்சத்தை அப்படியே ஓடி வந்திருக்கிறாள். பதினோரு கிலோமீட்டர். பரிசுக்காக இல்லை. தன்னைச் சோதிக்கச் சொல்வதற்காக.

கேட்டைத் தொட்டதும் பழக்கதோஷத்தில் கைக்கடிகாரத்தின் பொத்தானை அமுக்கினாள். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"ஆறு ஐம்பத்தொன்பது," என்றார் மேனேஜர், தன் கடிகாரத்தைப் பார்க்காமலே. "எழுதிக்குங்க மேடம். இங்க நாம மூணு பேருதான்."

அக்காவின் பேனா தாளில் நேரத்துக்கான கட்டத்தின் மேல் நின்றது. அவளிடமும் கடிகாரம் இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்கத்தான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஐந்து, ஒரு ஒன்பது. இரண்டு இலக்கம். இந்தப் பெண்ணின் வாழ்க்கையே அதில்தான் இருக்கிறது.

ஓட்டக்காரி நிமிர்ந்து பேனாவைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினாள்.

"ஏழு மணி பதினோரு செகண்டுக்கா. நான் ஓடி எடுக்காத ஒரு செகண்டுகூட எனக்கு வேணாம். எழுதுங்க."

மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அது அக்கா காதில் விழவில்லை. எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது. சோதனையும் எடுத்தாள், விதி கேட்காவிட்டாலும். பாட்டிலுக்கு முத்திரை வைத்தபின், அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, உள்ளங்காலில் குத்தியிருந்த கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஊசி போட்டதே தெரியாத கை அது. அக்கா அழுதாள். ஓட்டக்காரி அழவில்லை, தூங்கிப்போனாள்.

வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில்தான் அக்காவுக்கு ஒன்று உறைத்தது. அந்த மேனேஜரிடம் கார் இருந்தது. விலாசம் மாறவில்லை, வண்டியும் கிடைக்கவில்லை என்று ஓட்டக்காரி ஆறு இருபதுக்கே அவருக்குப் போன் செய்ததாகத் தூங்கும் முன் சொல்லியிருந்தாள். அந்த மகராசன் காரை எடுத்துக்கொண்டு அவளை அழைத்துவரப் போகவில்லை. அக்காவைச் சரிக்கட்டத்தான் வந்தார்.

சோதனை முடிவு சுத்தம் என்று வந்தது. யாருக்கு வேண்டும்? மூன்று புள்ளி, இரண்டு வருஷத் தடை. பத்திரிகைகள் "சந்தேகம் உறுதியானது" என்று எழுதின. கம்பெனி, நேர்மைதான் எங்கள் மூச்சு என்று அறிக்கை விட்டு அவளைக் கைகழுவியது. பக்கத்து வீட்டம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல காரியம் பண்ணீங்க, இவங்களையெல்லாம் விடக் கூடாது" என்றாள். அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வீட்டுக்காரர் அந்தக் குடையை எடுத்துப்போய், மழைக்கு ஒதுங்கி நின்ற யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு சேவல் ஜோக்கைச் சொல்லவே இல்லை.

பதினாறு மாதம் போயிற்று. தடையில் இருப்பவர்களும், திரும்ப ஓடுகிற எண்ணம் இருந்தால், அந்த ஒரு மணி நேரத்தைப் பதிந்துகொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் அலுவலகம் கொடுத்த விலாச உறையை அக்கா பிரித்தால் அந்தச் சந்தின் விலாசம். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்கவில்லை. வழியெல்லாம், கதவு திறந்ததும் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனாள்.

கதவு திறந்தே இருந்தது. வாசலில் இரண்டு நாற்காலிகள் கிடந்தன. ஒன்றில் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஓட்டக்காரி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் மாட்டுகிற சுவர்க்கடிகாரத்தை வெளிச்சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தாள். கன்னத்தில் தலையணைக் கோடு இல்லை. ஒரு பார்சல் கிடங்கில் பகல் வேலை பார்க்கிறாளாம். சாயங்காலம் ஓடுகிறாளாம். தினமும் ஐந்தரைக்கே இங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறாளாம். உள்ளே படுத்தால் கதவு தட்டுவது கேட்காமல் போய்விடுமோ என்று தூக்கத்திலும் ஓடிக்கொண்டே இருக்கிறாளாம்.

மணி ஐந்து ஐம்பத்தெட்டு. ஆறுக்கு முன்னால் தொடங்கக் கூடாது. அக்கா இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அது யாருக்காகப் போட்டது என்று கேட்கவில்லை. தெரு பனிக்குள் பாதி இருந்தது, பாதி இல்லை.

"அன்னைக்கு நான் ஐம்பத்தொன்பதுன்னுதான் எழுதப் போனேன்," என்றாள் அக்கா.

"தெரியும்க்கா. அதான் நான் முந்திக்கிட்டேன். எழுதியிருந்தா அப்புறம் நீங்க எந்தக் கதவைப் போய்த் தட்டுவீங்க?"

கடிகாரத்தில் முள் பன்னிரண்டைத் தொட்டது. அக்கா எழுந்தாள். ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் விதி விதிதான். திறந்து கிடந்த கதவில் மூன்று தடவை தட்டி, "சோதனைக்கு வந்திருக்கேன்" என்றாள்.

"இருக்கேன்க்கா," என்றாள் ஓட்டக்காரி.

அக்கா தாளை எடுத்து ஆறு மணி என்று எழுதினாள்.