ஆகஸ்டு இருபத்துநான்காம் கட்டம்

என் மேசை மேல் விரித்து வைத்திருப்பது ஒரு மாதக் காலண்டரின் தாள், 2007 ஆகஸ்டு. அதில் இருபத்துநான்காம் தேதிக் கட்டத்துக்குள் இரண்டு எண்கள் இருக்கின்றன. மேலே நீல மையில் 53.200. கீழே சிவப்பு மையில் 51.600. இரண்டும் ஒரே மனிதர் தன் எடையைப் பார்த்துத் தன் கையால் எழுதியவை. சிவப்பு எண் அந்த ஆண்டுக்குரியது. நீல எண் அதற்கு முந்தைய ஆண்டு எழுதப்பட்டது. வராத ஆண்டின் தாளில் ஒரு மனிதர் முன்கூட்டியே எழுதியதற்குக் காரணம் நான்தான். அதனால் இதைக் குறித்து வைப்பதும் என் பொறுப்பாகிறது.

எங்கள் தெருவில் அவர் எல்லோருக்கும் ஃபோர்மேன் அண்ணாச்சி. எம். புதுப்பட்டிப் பக்கத்துப் பட்டாசு ஆலையொன்றில் மருந்து கலக்கும் அறைக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு சிவகாசியில் எங்கள் அடுத்த வீட்டில் தனியாக இருந்தார். மகள் கோயம்புத்தூரில். இதயம் பலவீனப்பட்டு உடம்பில் நீர் சேரும் நோய் அவருக்கு. தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், திடீரென்று கூடினால் உடனே வர வேண்டும், தண்ணீர் அளவோடுதான் குடிக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எத்தனையோ பேருக்கு அவர் இதைச் சொல்லியிருப்பார். அண்ணாச்சி அதை மருந்து அறையின் சட்டமாக எடுத்துக்கொண்டார்.

அந்த அறையில் ஒருவர் நிறுத்து எடையை வாய்விட்டுச் சொல்ல, இன்னொருவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் கலப்பார்களாம். வீட்டில் இன்னொருவர் இல்லை. ஆகவே இரண்டு குரலும் அவருடையதாகவே இருந்தது. காலை ஆறு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் "அம்பத்தி மூணு எரநூறு" என்று கேட்கும். சற்று நிறுத்தி, வேறு ஆள் சொல்வதுபோல, "அம்பத்தி மூணு எரநூறு" என்று மறுபடி கேட்கும். நான் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு அந்த இரண்டாவது குரலுக்காகக் காத்திருந்த நாட்கள் உண்டு. தலைசுற்றல் உள்ள நாட்களில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எடைக்கருவியில் நிற்பார். பிடித்தால் எடை குறைத்துக் காட்டும் அல்லவா, அதனால் அன்றைய கட்டத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் சிறியதாக ஒரு "க" போடுவார். "கம்பி புடிச்ச எடைய நம்பக் கூடாது தம்பி. நம்ம கையே நமக்குப் பொய் சொல்லும்" என்றார் ஒருமுறை.

நான் அப்போது ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கன்றே அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகள் வெளிவந்துவிடும். 2006 ஆடிப்பெருக்குக்கு மறுநாள், எழுதுவதற்குக் கட்டம் பெரிதாக இருக்கிறதே என்று 2007க்கான மாதிரி ஒன்றை அவரிடம் கொடுத்தேன். சனவரியில் மாட்டுவார் என்று நினைத்தேன். அவர் அன்றே பழையதன் மேல் மாட்டி, ஆகஸ்டைப் புரட்டி, எடையை எழுதத் தொடங்கிவிட்டார். பத்திரிகை வாங்காத, தொலைக்காட்சி இல்லாத வீடு. தேதி சரியாக நடந்தது. கிழமை மட்டும் ஒரு நாள் முந்திக்கொண்டது.

அவருடைய மருத்துவர் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வருபவர். பத்தாம் தேதி போனவர், டாக்டர் விடுப்பு போலிருக்கிறது என்று திரும்பிவிட்டார். இருபத்துநான்காம் தேதி மறுபடி போய், "இன்னைக்கு வெள்ளிதானய்யா" என்று சாதித்திருக்கிறார். வியாழக்கிழமை அது. அங்கிருந்தவர்கள் சிரித்து, மகளுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை காலையில் மகள் வந்து சேர்ந்தது. என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கேட்டது.

"இன்னைக்கு என்ன கிழமைப்பா?"

"ஞாயிறு."

"கேட்டீகளாண்ணே? கிழமையே தெரியல. இங்கன எப்படித் தனியா விட்டுட்டுப் போவேன்? துணியெல்லாம் எடுத்து வைங்கப்பா, ராத்திரி வண்டிக்குக் கெளம்புவோம்."

தன்மேல் அண்ணாச்சிக்கே சந்தேகம் வந்துவிட்டது முகத்தில் தெரிந்தது. அதுவரை அந்த முகத்தில் நான் பயம் பார்த்ததில்லை. பெட்டியை எடுக்க எழுந்தவர் வழக்கம்போலக் காலண்டரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை வரிசையில் இருந்தது. மேலே தடித்த எழுத்தில் 2007. அச்சில் நானே சரிபார்த்த எண்.

தப்பு காலண்டரின் ஆண்டில்தான், அதைக் கொடுத்ததும் நான்தான் என்று சொன்னபோது மகள் சுவரருகே போய்க் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. நான்காம் தேதியிலிருந்து தேதிக்கு ஒன்றாக இருபத்துமூன்று எடைகள், ஒரு கட்டம்கூட விடாமல். நாலைந்தில் "க". கடைசியில், "ஒங்க அச்சாபீஸ்ல கிழமை பாக்குறது நீங்கதானண்ணே?" என்றது.

அண்ணாச்சிதான் பதில் சொன்னார். "வையாத தாயி. அடுத்த வருசமும் நான் இருப்பேன்னு அவன் கம்பெனியே அச்சடிச்சுக் குடுத்திருக்கு. நீ என்னத்துக்குப் பெட்டியக் கட்டுத?"

மகள் ஊருக்குத் தனியாகவே திரும்பியது. சேர்ந்து வாழ்வதைவிடத் தனித்து வாழ்வது மேல் என்று நான் சொல்ல வரவில்லை. தன் உடம்பைப் பற்றி இத்தனை கறாராக ஒரு மனிதரால் சாட்சி சொல்ல முடியும் என்பதை, வேலை முழுக்கத் தேதிகளோடு இருந்த நான் அந்தச் சுவரில்தான் பார்த்தேன்.

2007 ஆகஸ்டு நிஜமாகவே வந்தபோது கட்டங்களில் ஏற்கெனவே நீல எண்கள் இருந்தன. அவற்றின் கீழே சிவப்பில் எழுதினார். அதற்குள் மிகவும் தளர்ந்துவிட்டிருந்தார். பதிமூன்றாம் தேதியிலிருந்து இருபத்துமூன்றாம் தேதி வரை எல்லாக் கட்டத்திலும் சிவப்பு எண்ணுக்குப் பக்கத்தில் "க" இருக்கிறது. இருபத்திரண்டாம் தேதி மகள் வந்து உடன் தங்கியது. இருபத்துநான்காம் தேதி, இம்முறை உண்மையான வெள்ளிக்கிழமை, முற்பகலில் தன் கட்டிலிலேயே காலமானார்.

அன்று காலை ஆறு மணிக்கு எண் இரண்டு தடவை சொல்லப்பட்டதைச் சமையலறையிலிருந்த மகள் கேட்டிருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் நானும் கேட்டேன். பால்காரம்மா ஜன்னல் வழியாக அவர் எடைக்கருவியில் நின்றதைப் பார்த்திருக்கிறார். "நின்னாக. கம்பியப் புடிச்சிருந்தாகளான்னு பாக்கலையே" என்றார். பிறகும் இருமுறை கேட்டுவிட்டேன். அதே பதில்தான்.

சிவப்பு 51.600க்குப் பக்கத்தில் "க" இல்லை. அன்று அவர் பிடிக்காமல் நின்றாரா என்பதை என்னால் இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.