செக்போஸ்டில் நல்லெண்ணெய்

விழுப்புரம் பஸ்ஸில் செக்போஸ்டில் ஏறிய போலீஸ்காரர், என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். புதுச்சேரிக்காரி என்றால் பையில் சரக்கு இருந்தே தீர வேண்டும். ஐம்பது வயதிலும் எனக்கு இந்த மரியாதைதான்.

என் எட்டு வயதில் அம்மாவின் பாட்டிலையும் ஒருவர் இப்படித்தான் முகர்ந்தார். மாமாவுக்காகப் பழைய பிராந்தி பாட்டிலில் நல்லெண்ணெய் எடுத்துப் போனோம். எங்கள் தெருவில் எல்லா வீட்டு எண்ணெயும் அப்படிப்பட்ட பாட்டிலில்தான் இருக்கும்.

"பாண்டிச்சேரின்னாலே சாராயமா சார்? கைய நீட்டுங்க" என்று அம்மா அவர் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றினாள். "தலையில தேச்சிக்கோங்க, சூடு தணியும்."

பஸ்ஸே சிரித்தது. எண்ணெய்க் கையை எங்கே துடைப்பதென்று தெரியாமல் அவர் இறங்கிப் போனார். எனக்கு ஒரே பெருமை.

விழுப்புரத்தில் மாமா என்னைக் கொஞ்சுவதற்கு முன்பே என் பள்ளிக்கூடப் பையைத்தான் வாங்கினார். முழுப்பரீட்சை லீவில் அம்மா அதை ஏன் என் தோளில் மாட்டிவிட்டாள் என்பது அப்போதுதான் புரிந்தது. உள்ளே என் பாவாடையில் சுற்றிய இரண்டு பிராந்தி பாட்டில்கள்.

"அப்பாகிட்ட சொல்லிடாத" என்றாள் அம்மா.

போலீஸ்காரர் என் தண்ணீரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினார். பக்கத்து சீட்டில் ஒரு சிறுமி பள்ளிக்கூடப் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை.