என் தங்கையின் இடது காது

என் தங்கை இடது காதில் தோடு போட மாட்டாள். வலது காதில் மட்டும் சின்னதாக ஒரு பொட்டுத் தோடு இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் ஒன்று எங்கேயோ விழுந்துவிட்டது என்று நினைத்துக் குனிந்து தரையில் தேட ஆரம்பிப்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே நிற்பாள். விளக்கம் சொல்ல வாய் திறந்தால் நேரமாகும். அவளுக்குப் பேச்சு திக்கும்.

நான் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறவன். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் நான் ஒட்டிய சுவரில் கோடு கோணிவிட்டது என்று யாரும் சொன்னதில்லை. அதே கை அவளுக்கும். ஒரு சலவைக்கூடத்தில் இஸ்திரி இயந்திரத்தில் நிற்கிறாள். அவள் மடித்து அடுக்கிய படுக்கை விரிப்புகளைப் பக்கவாட்டில் பார்த்தால் ஓரமும் ஓரமும் ஒட்டி நிற்கும். அண்ணன் என்பதால் இதைச் சொல்லவில்லை. அண்ணன் என்பதால் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அவள் ரொட்டி சுட ஆரம்பித்தது எங்கள் அம்மாவுக்காக. கடைசி வருடங்களில் அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. வயிறும் கெட்டுப்போனது. பால், வெண்ணெய், முட்டை எதுவும் உள்ளே தங்காது. கடை ரொட்டி தின்றால் அதிலிருக்கும் ஈஸ்ட் வயிற்றை மத்தளமாக்கிவிடும். அதனால் தங்கை வெறும் மாவு, உப்பு, கொஞ்சம் எண்ணெய், தண்ணீர் இவற்றோடு நிறுத்திக்கொண்டாள். முதலில் வந்ததெல்லாம் அட்டைதான்.

"இதை உங்கண்ணன்கிட்ட குடு, சுவத்துல ஒட்டிட்டு வரட்டும்" என்றாள் அம்மா.

ஓவனுக்குள் வைக்க ஒரு கல் வேண்டும் என்றாள் தங்கை. வேலையில் மீந்த பளபளப்பான டைல்ஸ் ஒன்றை அளவாக அறுத்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது டமாரென்று வெடித்தது. படுக்கையிலிருந்து அம்மா, "என்னடா, வெந்துடுச்சா?" என்றாள். பிறகு மெருகு போடாத தடித்த மண் ஓடு ஒன்றைத் தேடிப் பிடித்து, நாலு ஓரமும் தேய்த்து உள்ளே பொருத்தினேன். இன்றுவரை அதே ஓடுதான்.

பக்குவம் பிடிபட்டதும் அவள் வேலை பார்ப்பதே அழகாக இருக்கும். பாதி மாவில் கொதிக்கிற நீரை ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறுவாள். மீதி மாவைச் சேர்த்து, பச்சைத் தண்ணீர் தெளித்துப் பிசைவாள். ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து மூடி ஆறப்போடுவாள். தேய்த்து ஓட்டின் மேல் போட்டால் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். திருப்பிப் போட்டு, எடுத்த சூட்டோடு ஈரத்துணியில் சுற்றி வைப்பாள். அந்த ஆவியில்தான் ரொட்டி மெத்தென்று ஆகிறது.

மாவு பதம் சொல்வது மட்டும் அம்மாவின் உரிமை. கிண்ணத்தை அம்மாவின் மடியில் வைக்க வேண்டும். மாவை விரலால் அமுக்குவாள். பிறகு கையை நீட்டித் தடவி, தங்கையின் இடது காது மடலைப் பிடித்து அமுக்குவாள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால், "போய்ச் சுடு." மாவு கெட்டியாக இருந்தால் காதைத் திருகிவிடுவாள். "அந்தப் பக்கம் தோடு போடாத. எனக்கு அளவு கெட்டுப்போகுது" என்று சொன்னதும் அம்மாதான். அம்மா போன பிறகும் தங்கை அங்கே தோடு போடவில்லை. மாவைத் தொடுவாள், தன் காதைத் தொடுவாள். காதில் எப்போதும் கொஞ்சம் மாவு இருக்கும்.

இனி ரேடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கையோடு அதே இயந்திரத்தில் விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவள். வாய் ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர். என் தங்கைக்கு அங்கே பிரேக் என்று பெயர். "ரேடியோவும் பிரேக்கும் வந்தாச்சா?" என்று கேட்டுத்தான் மேஸ்திரி கூடத்தைத் திறப்பார். பல வருடமாக மதியச் சாப்பாடு ஒரே பெஞ்சில். தங்கைக்கு ஒரு சொல் தொண்டையில் மாட்டிக்கொண்டால் ரேடியோ அதை எடுத்துக் கொடுப்பாள். ஒருமுறைகூடத் தப்பாக எடுத்துக் கொடுத்ததில்லை. "உங்க தங்கச்சிக்கு நான்தான் வாய், அண்ணே" என்பாள். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பொதுமன்றம் இருக்கிறது. அங்கே சமையலறை உண்டு. பால், முட்டை, ஈஸ்ட் எதுவும் இல்லாமல் சமைக்கச் சொல்லித்தர சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பு நடத்தப்போவதாக மன்றத்து மேலாளர் அம்மா சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து தங்கைக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாவில் கை இருக்கும்போது மட்டும் அவளுக்குப் பேச்சு அவ்வளவாகத் திக்காது. அதை நானும் அவளும் ரேடியோவும் மட்டுமே கவனித்திருந்தோம். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் நின்று முழுதாகப் பேச வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வாழ்க்கையில் அவள் வாய்விட்டுக் கேட்ட ஆசை அது ஒன்றுதான்.

ஏற்பாடு இதுதான். மேலாளரிடம் போய்க் கேட்கும்போது ரேடியோ பேசுவாள். வகுப்பைத் தங்கை நடத்துவாள்.

இரண்டு பேரும் ரொட்டியோடு போனார்கள். மேலாளர் அம்மா ஒரு துண்டு தின்றுவிட்டு, "நல்லாருக்கே, யார் செஞ்சது?" என்று கேட்டாராம். தங்கை "நா... நா..." என்று ஆரம்பிக்க, ரேடியோ வழக்கம்போல எடுத்துக் கொடுத்தாள்: "நாங்கதாங்க." வீட்டுக்கு வந்து தங்கை இதைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ரேடியோ ஒரே பதில்தான் சொன்னாள். "இன்னும் முடிவாகலையாம். நான் பாத்துக்கறேன். நீ போய்க் கேட்டுக் கீட்டுக் கெடுத்துடாத."

மன்றத்தில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் சுவர் உப்பியிருந்தது. டைல்ஸ் ஒட்ட என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு சனிக்கிழமை போய் வேலையை ஆரம்பித்தேன். சமையலறைக்கும் எனக்கும் நடுவில் ஒரு கதவு, பாதி திறந்திருந்தது. ஆட்கள் வந்து உட்காரும் சத்தம் கேட்டது. என்னவோ கூட்டம் என்று நினைத்தேன். பிறகு அந்தக் குரல் கேட்டது. அந்தக் குரலை எந்தச் சந்தையில் கேட்டாலும் எனக்குத் தெரியும்.

"எங்கம்மாவுக்குக் கடைசியில கண்ணு தெரியாதுங்க. நான்தான் ரொட்டி சுட்டுத் தருவேன். மாவைத் தொட்டுப் பாப்பாங்க, அப்புறம் இப்படிக் கையை நீட்டி என் காதைத் தொட்டுப் பாப்பாங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா சரி. இல்லன்னா வெச்சாங்க ஒரு திருகு!"

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கதவிடுக்கில் பார்த்தேன். ரேடியோ மாவுக் கையால் தன் காதைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதில் அகலமான தோடு. மடலே தெரியவில்லை. தோட்டின் மேல் மாவு அப்பியிருந்தது.

ரொட்டி கருகிப்போயிருந்தால், உடைந்துபோயிருந்தால், மனசுக்கு ஏதோ கிடைத்திருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. அருமையாக வந்தது. வாசம் என் தொட்டிவரை வந்தது. ஈரத்துணி சுற்றுவதைக்கூட விடாமல் சொல்லிக்கொடுத்தாள். அத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் அல்லவா!

கையிலிருந்த டைல்ஸை ஒட்டினேன். ஒட்டிய பிறகுதான் பார்த்தேன், கோணல். பிடுங்கி ஒட்டக் கை வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவள் கை கழுவத் தொட்டிக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் ரேடியோ நின்றுபோனது.

"அண்ணே, நீங்க இங்கயா வேலை?"

"ஆமா."

"அவகிட்ட நானே சொல்லிடறேண்ணே. நீங்க சொல்லாதீங்க. நான் சொல்ற மாதிரி சொன்னா அவ புரிஞ்சுக்குவா."

"சொல்லு" என்றேன். வேறு என்ன சொல்வது? நான் அங்கே கூலிக்கு வந்த ஆள். அதோடு, அது என் தங்கையின் சண்டை.

வீட்டுக்கு வந்தபோது தங்கை ஓவனுக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். கை மாவில் இருந்தது. "வணக்கம். இதுல பால் கிடையாது. முட்டை கிடையாது. ஈஸ்ட் கிடையாது. அப்ப எப்படி மெ... மெத்துனு வரும்னு கேப்பீங்க." என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டாள். "ஒரே ஒரு எடத்துலதான் திக்குச்சு, இல்ல?"

"ஆமாம்மா" என்றேன். கைகால் கழுவப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தாள். "ரேடியோ என்ன சொன்னா?" என்று கேட்டேன். "இ... இன்னும் முடிவாகலையாம்." மறுநாளும் அதே பதில். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் மாவு பிசைந்துகொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன்.

"கிளாஸ் ஆரம்பிச்சாச்சும்மா. ரேடியோதான் நடத்துறா. நான் பாத்தேன்."

அவள் பிசைவதை நிறுத்தவில்லை. "நல்லா நடத்துறாளா?"

"நடத்துறா."

"துணி சுத்தச் சொன்னாளா?"

"சொன்னா." இன்னும் கொஞ்சம் கிட்டே போனேன். "அம்மாவையும் சொன்னா. காதைத் தொட்டுப் பாத்ததை. அவளோட அம்மான்னு சொன்னா."

அப்போதுதான் கை நின்றது. மாவின் மேல் பாத்திரத்தைக் கவிழ்த்து மூடினாள். அன்றைக்கு அதைத் திறக்கவில்லை. காலையில் நான் திறந்து பார்த்தபோது மாவு ஏடு கட்டிக் காய்ந்திருந்தது.

சலவைக்கூடத்தில் விரிப்பின் ஒரு முனையை இவளும் மறுமுனையை அவளும் பிடித்துத்தான் ஆக வேண்டும். பிடித்தார்கள். ஆனால் தங்கை வேறு பெஞ்சில் போய்ச் சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பகலில் ரேடியோ வீட்டுக்கே வந்தாள். வழக்கமாக ரொட்டி வாங்கிப்போகும் டப்பா கையில் இருந்தது. அதைப் பழக்கத்தில் எடுத்து வந்தாளா, வேண்டுமென்றே எடுத்து வந்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏய் பிரேக்கு, மூஞ்சிய ஏன் தூக்கி வெச்சுக்கிற? நான் சொல்றதக் கேளு முதல்ல. அந்தம்மா என்னத்தான் நடத்தச் சொன்னாங்க. நான் என்ன பண்ணட்டும்? அத்தன பேரு முன்னாடி நீ திக்கி நின்னு, நாலு பேரு சிரிச்சா உனக்குத் தாங்குமா? உன்னக் காப்பாத்தத்தான்டி பண்ணேன். அடுத்த வாரம் நீயும் வா. கூட நின்னு மாவு உருட்டிக் குடு. பேச்ச நான் பாத்துக்கறேன்."

"அம்மாவ ஏன் சொன்ன?" என்று நான் கேட்டேன்.

அவள் டப்பா மூடியைத் திறந்தாள், மூடினாள். "ஒரு கதை சொன்னாத்தான் ஆளுங்க ஒட்டுறாங்கண்ணே. எங்கம்மாவப் பத்திச் சொல்ல என்ன இருக்கு? அவ என் காதத் தொட்டதே இல்ல."

அது பொய்யில்லை என்று எனக்குப் பட்டது. அதனால் என் கோபம் குறையவில்லை.

தங்கை அதுவரை சுவரோரம் நின்றிருந்தாள். இப்போது முன்னால் வந்தாள். வாய் திறந்தாள். "எ... எ..." என்று நின்றது.

ரேடியோவின் முகம் மலர்ந்தது. எடுத்துக் கொடுத்தாள். "என்ன இருந்தாலும் நீ என் ஃபிரெண்டுதான்னு சொல்ற. அதானே?"

தங்கை தலையாட்டினாள், இல்லை என்று.

"என்னை மன்னிச்சுட்டே?"

அதற்கும் இல்லை. தங்கை கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள். மாவு இல்லாத வெறும் கை. சொல் வர நேரம் பிடித்தது. நானும் உதவவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ரேடியோ வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். என் தங்கை என்ன சொல்லப்போகிறாள் என்பது முதல்முறையாக அவளுக்குத் தெரியவில்லை.

"எ... எங்கம்மாவக் குடுத்துடு" என்றாள் தங்கை. "ரொட்டிய நீயே வெச்சுக்க."

ரேடியோ என்னைப் பார்த்தாள், நான் ஏதாவது சொல்வேன் என்று. பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். படியில் அவள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் பேச்சுச் சத்தம் இல்லாமல் எங்கள் படியில் அவள் இறங்கியது அன்றைக்குத்தான்.

அடுத்த சனிக்கிழமை அந்தக் கோணல் டைல்ஸைப் பெயர்த்து ஒட்டப் போனேன். அதற்காக மட்டும் போனேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். கதவு பாதி திறந்திருந்தது. புதிதாகச் சிலர் வந்திருந்தார்கள். மாவு பதம் பார்க்கும் இடம் வந்ததும் ரேடியோ கையைத் தூக்கினாள். கை பாதி வழியில் நின்றது.

"அன்னிக்கு ஒரு கதை சொன்னீங்களே அக்கா, காது கதை, அதச் சொல்லுங்க" என்று ஒரு பெண் கேட்டாள்.

ரேடியோ கையை இறக்கினாள். "அது... அது என்னோடது இல்லீங்க" என்றாள். யாருடையது என்று சொல்லவில்லை. "மாவு மெத்துனு இருக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் பிசையப் போய்விட்டாள். வகுப்பு நடந்தது. இப்போதும் அவள்தான் நடத்துகிறாள். மேலாளர் அம்மாவுக்கு அவள்மேல் நல்ல பெயர்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னேன். ஒரு சொல் விடாமல், ரேடியோ நின்ற இடத்தில் நானும் நிறுத்தி, சொன்னபடியே சொன்னேன். அவள் பாதி மாவில் வெந்நீரை ஊற்றிக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ரொட்டி எ... எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் வந்துச்சு."

மீதி மாவைச் சேர்த்தாள். பிசைந்து முடித்து, மாவை ஒருமுறை அமுக்கினாள், இடது காதை ஒருமுறை அமுக்கினாள், பாத்திரத்தைக் கவிழ்த்து மூடினாள்.