சந்தனம் பூசிய சுவிட்சைப் பார்க்க ஸ்ரீரங்கம் போனேன்

காலை ஆறு மணி, எழும்பூர். ரயில் சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. புகார் எழுதத் தயாராக வந்திருந்த எனக்குச் சின்ன ஏமாற்றம். ஸ்ரீரங்கம் போகிறேன் என்றதும் பக்கத்து இருக்கைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பெருமாள் சேவைக்கா சார்?" என்றார்.

"இல்லீங்க. ஒரு சுவிட்சைப் பார்க்கணும்."

"எலக்ட்ரீஷியனா? இந்த வயசுலயுமா?"

அந்த சுவிட்ச் அல்ல இது. செங்கல் கனத்தில், முகப்பு முழுக்க வரிசையாகத் துளைகள் உள்ள ஒரு இரும்புப் பெட்டி. ஒரு பக்கத்துத் துளைகளில் சர்வர்கள், மறுபக்கத்தில் டிஸ்க்குகள் அடுக்கிய பெட்டிகள். எந்த சர்வர் எந்த டிஸ்க்கைப் பார்க்கலாம் என்று இதுதான் முடிவு செய்யும். இலவச தரிசன வரிசை எங்கே போக வேண்டும், கட்டண வரிசை எங்கே போக வேண்டும் என்று கோயிலில் கம்பி கட்டிப் பிரித்திருப்பார்களே, அந்த வேலை. கைலாசபுரத்துத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இப்படிப்பட்ட பெட்டிகளோடு குடித்தனம் நடத்தி, ஓய்வு பெற்று, சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறேன்.

நேற்று, விஜயதசமியன்று, ஸ்டெல்லா போன் செய்தாள். தொழிற்சாலையில் என்னிடம் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவள். இப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொறுப்பு.

"சார், ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு இன்னைக்கு ஆன் பண்ணாங்க. ஸ்கேன் படம் ஒண்ணுகூட வரல. பில்லிங் சர்வர் மட்டும் 'புது டிஸ்க் வந்திருக்கு, தயார் பண்ணட்டுமா'ன்னு கேக்குது. மெஷினை வித்த வெண்டர் போன்ல யெஸ் குடுங்கன்னு உயிரை வாங்கறார்."

அது புது டிஸ்க் அல்ல. ஏழு வருட ஸ்கேன் படங்கள் இருக்கும் டிஸ்க், தவறான சர்வரின் கண்ணில் பட்டிருக்கிறது. யெஸ் கொடுத்தால் அத்தனையும் துடைத்து மெழுகப்படும்.

"பேக்கப்?"

"அதே டிஸ்க்லதான் சார், வேற ஃபோல்டர்ல."

இதற்கு நான் சொன்ன பதிலைப் பயணக் கட்டுரையில் எழுதக் கூடாது. சுவிட்சுக்குப் போகும் நெட்வொர்க் கேபிளும் எங்கோ கழன்று கிடந்ததால், வீட்டிலிருந்தபடி உள்ளே நுழையவும் வழியில்லை. யாராவது நேரில் போய் நீல நிறக் கன்சோல் கேபிளைச் சொருகி, கறுப்புத் திரையில் கட்டளை தட்டித்தான் அதனிடம் பேச வேண்டும். அந்தக் கேபிளை ஓய்வு பெற்ற பிறகும் வைத்திருப்பவன் எங்கள் வட்டாரத்தில் நான் ஒருவன்தான். "அதை ஏன் இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறீர்கள்?" என்று மருமகள் கேட்டுக்கொண்டே இருப்பாள். நேற்று கேட்கவில்லை.

பத்தரை மணி சுமாருக்கு ரயில் கொள்ளிடத்தைக் கடந்தது. ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் நாணல், நடுவே கொஞ்சம் தண்ணீர். தென்னைகளுக்கு மேல் ராஜகோபுரம் தெரிந்தது. நான் போக வேண்டிய ஊர் அதுதான். ரயில் அங்கே நிற்காமல் காவிரியையும் தாண்டி, மலைக்கோட்டையைக் காட்டிவிட்டு, ஜங்ஷனில் கொண்டுபோய் இறக்கியது. வந்த வழியே பத்து கிலோமீட்டர் திரும்பிப் போக வேண்டும். ரயில்வேயில் என்னைப் போலவே விதிமுறை தெரிந்த ஒருவர் இருக்கிறார் போலிருக்கிறது.

ஆட்டோக்காரர் முந்நூற்றைம்பது கேட்டார். மீட்டரைக் காட்டினேன்.

"அதுவா சார்? அது வருஷத்துக்கு ஒருவாட்டி பொட்டு வெக்கறதுக்கு."

பொட்டு இன்னும் அழியாமல் இருந்தது. முந்நூறுக்கு ஒத்துக்கொண்டார். சத்திரம் பேருந்து நிலையத்தில் நெரிசல். காவிரிப் பாலத்தில் காற்று. பண்டிகை முடிந்த வாழைக்கன்றுகள் கடை வாசல்களில் தலை தொங்கி நின்றன.

பதினொன்றே கால். அம்மா மண்டபம் சாலையில் இரண்டு மாடிக் கட்டடம். கீழே நடையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். வையம்பட்டிப் பக்கம் விவசாயம் என்றார் கணவர் பெரியசாமி. மனைவி செல்லம்மாளுக்குச் சிறுநீரகத்தில் ஒரு கட்டி. போன வருடத்தைவிட வளர்ந்திருந்தால் நாளைக்கே ஆபரேஷன். புதுப் படம் எடுத்தாயிற்று; வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் வேண்டும்.

"வீட்டுல வெச்ச படம் மழையில நனைஞ்சு ஒட்டிக்கிச்சுங்க. இங்கதான் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கும்னாங்க" என்றார். அந்தப் 'பத்திரமா' என்ற சொல் என் பின்னாலேயே மாடி ஏறி வந்தது.

மாடியில் ஸ்டெல்லா வாசலிலேயே நின்றாள். "இன்னும் யாரும் யெஸ் குடுக்கல சார். பில்லிங் சர்வர் கீபோர்டு, மவுஸ் ரெண்டையும் கழட்டி பீரோவுல பூட்டிட்டேன். இன்டர்நெட் ஒயரையும் புடுங்கிட்டேன். வெண்டர் சாயங்காலம் ஆளை அனுப்பறாராம். சென்டர் டாக்டரும் அதுக்குள்ள சரியாகலைன்னா அவங்க இஷ்டப்படி பண்ணட்டும்னுட்டார்."

எந்தக் கையேட்டிலும் இல்லாத நடைமுறை. இருந்திருக்க வேண்டும்.

பக்கத்தில் பளிச்சென்று திருமண் இட்ட ஒருவர் நின்றார். நிர்வாக மேலாளர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். "அடியேன் வரதன். பூஜை கைங்கர்யம் அடியேனுது" என்றார், பெருமையோடு.

சுவிட்சைப் பார்த்தேன். பார்த்ததும் அவருடைய பக்தியில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. காற்று போகும் துளைகளின் மேல் ஒரு முழம் கதம்பம். முகப்பில் சீரான இடைவெளியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஒவ்வொரு பொட்டும் துளையின் எண்ணை மிகச் சரியாக மறைத்திருந்தது.

"கேபிள் எல்லாம் யார் கழட்டினது?"

"அடியேன்தான் ஸ்வாமி. தூசியோட பூஜை பண்றதாவது? ஒவ்வொண்ணாத் துடைச்சு, மறுபடி சொருகி ஏளப்பண்ணிட்டேன்."

"எந்த வரிசையில?"

"நீளம் பார்த்து. நெட்டை ஒரு பக்கம், குட்டை ஒரு பக்கம். பார்க்கவே சேவை மாதிரி இருக்கோன்னோ?"

"எனக்கு அன்னைக்கு லீவு சார்" என்றாள் ஸ்டெல்லா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

முதலில் பூவை எடுத்தேன். பிறகு நீலக் கேபிளைச் சொருகினேன். லேப்டாப்பில் கறுப்புத் திரை, கண்சிமிட்டும் ஒரு கோடு. இதைவிட மரியாதை தெரிந்த இடம் உலகத்தில் கிடையாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். பொம்மை காட்டாது, வாழ்த்துச் சொல்லாது. என் விதி ஒன்றுதான்: எதையும் மாற்றும் கட்டளைக்கு முன்னால் கேட்கும் கட்டளைகளை எல்லாம் கேட்டு முடி.

சுவிட்ச்ஷோ என்று தட்டினேன். எந்தத் துளையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற விவரம் வந்தது. ஒவ்வொரு கருவிக்கும் அதைச் செய்த இடத்திலேயே சூட்டிய நீளமான பெயர் ஒன்று உண்டு. அடுத்து ஸோன்ஷோ. யார் யாரைப் பார்க்கலாம் என்ற அனுமதி விவரம். ஸ்டெல்லா பெயர்களின் கடைசி எழுத்துகளை வாசிக்க, நான் சரிபார்த்தேன்.

"ரெண்டாவது துளையில யாரும்மா?"

"பில்லிங் சார். மூணுலதான் ஸ்கேன் சர்வர்."

"அனுமதி எப்படி எழுதியிருக்கு?"

"ரெண்டாம் துளை ஸ்கேன் டிஸ்க்கைப் பாக்கலாம்னு. ஐயோ, துளை நம்பரை வெச்சு எழுதியிருக்காங்க சார்!"

அவ்வளவுதான் விஷயம். பெட்டியைப் பொருத்தியவர் ஆளைப் பார்த்து அனுமதி எழுதாமல், வாசலைப் பார்த்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார். வரதன் ஆட்களை வாசல் மாற்றி நிறுத்திவிட்டார்.

வரதனுக்கு முகம் வாடிவிட்டது. "அப்போ ரெண்டையும் மாத்திச் சொருகிட்டா சரியாயிடுமே ஸ்வாமி?"

"ஆயிடும். அடுத்த வருஷம் ஆயுத பூஜை வராதுன்னு நீங்க எழுதிக் குடுத்தா அப்படியே செஞ்சிடலாம்."

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். நேற்றிலிருந்து அப்போதுதான் சிரித்திருப்பாள். கொஞ்சம் தாமதித்து வரதனும் சிரித்தார்.

முதலில் பில்லிங் சர்வரின் துளையை ஒரே வரியில் மூடினேன். இனி யார் யெஸ் கொடுத்தாலும் டிஸ்க்குக்குப் போய்ச் சேராது. பிறகு அனுமதிகளைத் துளை எண்ணை விட்டுக் கருவியின் பெயரை வைத்துப் புதிதாக எழுதினோம். ஒரு எழுத்து தவறினாலும் சர்வருக்குக் கண் தெரியாது என்பதால் வரதனை உரக்க வாசிக்கச் சொன்னேன். பாராயணம் பழகிய குரல், ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. சேமித்தோம். அமலாக்கும் கட்டளையைத் தட்டியதும், நிச்சயமாகவா, ஆமா இல்லையா என்று சுவிட்ச் கேட்டது.

ஸ்டெல்லா கையை எடுத்துவிட்டாள். "நீங்களே அடிங்க சார். யெஸ்ஸைப் பாத்தாலே பயமா இருக்கு."

"உன் மெஷின். நீயே அடிம்மா."

சிலுவை போட்டுக்கொண்டு அடித்தாள். வரதன் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். இரண்டு தரப்பு ஆதரவும் இருந்ததால் நான் சும்மா இருந்தேன். மூடிய துளையைத் திறந்து, ஸ்கேன் சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பி, அது எழுந்து வருவதற்குள் வரதன் வாங்கி வந்த காப்பியும் ஆறிப்போனது. டிஸ்க் வந்தது. செல்லம்மாளின் பெயரைத் தட்டினாள் ஸ்டெல்லா. போன வருடத்துப் படம், சாம்பல் நிறத்தில், பூரணமாக விரிந்தது.

ஒன்றரை மணி. டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார். சர்ஜனுக்குப் போன் போட்டுப் பேசினார். கீழே வந்து, "போன வருஷம் இருந்த அளவுதாம்மா. இப்ப ஆபரேஷன் வேண்டாம்னுட்டார். ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார். பெரியசாமி சுவரில் சாய்ந்துகொண்டார். செல்லம்மாள், "அப்ப வீட்டுக்குப் போலாமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

வரதன் வீட்டில் சாப்பாடு. அவர் விடவில்லை. புளியோதரையைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம். பேக்கப்புக்கு வேறு டிஸ்க் வாங்க அவரையே கையெழுத்துப் போட வைத்துவிட்டுத்தான் கை கழுவினேன். வெண்டரின் ஆளுக்கு வர வேண்டாம் என்று ஸ்டெல்லா போன் செய்தாள். அவ்வளவு இனிமையான குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

நாலரை மணிக்கு ஜங்ஷன் போக ஒன்றாம் நம்பர் பஸ். முன் இருக்கையில் பெரியசாமியும் செல்லம்மாளும். கோயிலுக்குப் போய் வந்திருக்கிறார்கள். காலடியிலும் மடியிலும் மூட்டைகள்: தலையணை, போர்வை, பிளாஸ்க், தட்டு, டம்ளர். ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுக்க எடுத்து வந்தது.

"கோழியப் பாத்துக்கன்னு பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வந்தேன். இன்னைக்கே போய் நின்னா என்ன சொல்லுவா?" என்றார் செல்லம்மாள்.

"ஒண்ணும் சொல்ல மாட்டா. கோழி குழம்பாயிருக்கும்" என்றார் பெரியசாமி.

"ஆயிருந்தா உன்னை அங்க விட்டுட்டு நான் மட்டும் திரும்பி வந்து படுத்துக்கறேன்."

சென்னையில் எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் நின்றாலே மூன்று நாள் வாட்ஸ்அப்பில் சண்டை நடக்கும். இங்கே காலையிலிருந்து நடையில் உட்கார வைக்கப்பட்டவர்கள் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. முறைப்படி ஒரு மனு, நகலுடன்.

ஊருக்குப் பஸ் கிளம்பும் பஞ்சப்பூர் நிலையத்துக்குப் போக அவர்கள் இறங்கினார்கள். பெரியசாமி எல்லா மூட்டையையும் தானே தூக்கப் பார்த்தார். செல்லம்மாள் தலையணையையும் போர்வை மூட்டையையும் அவரிடமிருந்து பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"விடுய்யா. எனக்கென்ன, நான் சீக்காளியா?"

சொல்லிவிட்டு, அவருக்கு முன்னால் விறுவிறுவென்று சாலையைக் கடந்தார்.