நேர்ந்துகொண்ட பொங்கல்

முருகனிடம் நேர்ந்துகொண்டதை ஒரு குறையும் வைக்காமல் செய்தேன். என் பசு செத்தது அதனால்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் சிங்காநல்லூர்க் குளத்துக்குக் கிழக்கே குடியிருந்தோம். எனக்கு மில் வேலை. வீட்டில் நானும் மனைவியும், கன்றிலிருந்து அவள் வளர்த்த ஒரே பசுவும். முதல் சினை நிலைக்கவில்லை. இரண்டாவது எட்டு மாதம் தாண்டியபோது, "தாயும் கன்றும் பிழைக்கட்டும் முருகா, பட்டிப் பொங்கலன்று இதற்கு வயிறு நிறையப் பொங்கல் படைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

கன்று ஈனுமுன்னே அந்த மாட்டுப் பொங்கல் நாளும் வந்தது. இரண்டு படி அரிசியை வெல்லம் போட்டுப் பொங்கி, வாழையிலையில் ஆறவைத்து, மாலை போட்ட பசுவுக்கு என் கையாலேயே ஊட்டினேன். வருஷம் முழுக்கச் சோளத்தட்டு தவிர வேறு ருசி அறியாத மாடு. இலையையும் சேர்த்து நக்கியது.

"போதுமுங்க," என்றாள் மனைவி.

"நேர்ந்தது அம்மணி. சாமிகிட்டக் கஞ்சத்தனம் பண்ணலாமா?"

"நேந்தது நீங்க. திங்கறது அதுதானுங்களே?"

சிரித்துக்கொண்டே மிச்சத்தையும் ஊட்டினேன்.

மறுநாள் காலை பசு அசை போடவில்லை. வெல்லச் சூடு என்று நினைத்து, புளித்த மோரை மூங்கில் குழாயில் மொண்டு மொண்டு வாயில் ஊற்றினேன். மதியம் படுத்துவிட்டது. கண் குழிந்து மூச்சு இரைத்தது. சைக்கிளில் ஓடிக் கால்நடை டாக்டரைக் கூட்டிவந்தேன்.

அவர் ரப்பர் குழாய் விட்டு வயிற்று நீரைக் கொஞ்சம் எடுத்தார். அதில் ஒரு நீலக் காகிதத்தை நனைத்ததும் குங்குமம் போலச் சிவந்தது.

"என்னத்தைக் கொடுத்தீங்க?"

பொங்கலைச் சொன்னேன். மோரையும் சொன்னேன்.

"புளிப்புக்கு மேல புளிப்பை ஊத்திப்போட்டீங்களே! சோளத்தட்டைக் கடிச்சு அசை போட்டா எச்சில் குடங்குடமா ஊறுமுங்க. அதுல சோடா உப்பு இருக்குது. வயித்துல ஏறுற புளிப்பை அதுதான் அமத்திக்கிட்டே இருக்கும். பொங்கலை மெல்லவே வேண்டியதில்லை. எச்சில் ஊறலை, அத்தனை சோறும் புளிச்சுப்போச்சு. இப்ப ரத்தத்துலயும் ஏறிடுச்சு."

சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து உள்ளே விட்டார். "இது மாட்டு வாயிலயே இருந்த மருந்துதானுங்க," என்றார் தலை நிமிராமல்.

சாயங்காலம் மூச்சு நின்றது. மனைவி பசுவின் வயிற்றின்மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. "உள்ள இன்னும் அசையுதுங்க," என்றாள். சற்று நேரம் கழித்து, "நின்னுபோச்சுங்க," என்றாள். அவ்வளவுதான். கழுத்து மாலை இன்னும் முழுக்க வாடவில்லை.

என்னை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இன்றும் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன். எதையும் கேட்பதில்லை. கேட்டால் பதிலுக்கு ஏதாவது செய்கிறேன் என்று வாய் சொல்லிவிடும். முருகன்மேல் எனக்குக் குறையில்லை. என் கையை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.