வெடி நேரத்தில் ஒரு கண்ணாடி ஊசி

அந்த ஊசிகளை நானே செய்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. மெல்லிய கண்ணாடிக் குழல்கள் சிலவற்றைச் சேர்த்துக் கட்டி, மின்கம்பிச் சுருளுக்குள் நிறுத்திச் சூடாக்கி, இளகியதும் லேசாக முறுக்கி இழுக்க வேண்டும். முனை கண்ணுக்கே தெரியாது. நடுக்குழல் வழியாக நரம்புச் செல்லின் துடிப்பைக் கேட்கலாம். சுற்றியுள்ள குழல்களில் கொஞ்சம் மின்சாரம் விட்டால் மருந்து கசியும். பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க இழுத்தாலும் ஒன்றிரண்டுதான் தேறும். அதுவும் என் கைக்குத்தான் தேறும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் வீட்டில்தான் அதற்கு மதிப்பில்லை. தங்கச் சுரங்கத்தில் பாறை துளைக்கும் மிஷின் பிடிக்கிற அப்பா, பொண்ணு பெங்களூரில் கண்ணாடி ஊதுகிறாள் என்றுதான் ஷிஃப்ட் ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் அறிவியல் கண்காட்சி என்றதும் கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அப்பா ஒருவர் பார்த்தால் போதும் எனக்கு.

பேத்தமங்களா ஏரி நத்தையின் நரம்பு முடிச்சைத் தட்டில் வைத்து ஊசியை இறக்கினோம். செல்லின் துடிப்பு ஒலிபெருக்கியில் படபடவென்று கேட்டது. மருந்து விட்டதும் அடங்கியது. கூட்டம் அலைமோதியது. மதியத்துக்குள் மற்ற ஊசிகள் உடைந்தும் அடைத்தும் போக, ஒன்றே ஒன்று மிஞ்சியது. அப்பாவோ ஷிஃப்ட் முடிந்துதான் வருவார். ஷிஃப்ட் மாறும் நேரம்தான் கீழே சுரங்கத்தில் வெடி வைக்கும் நேரம்.

அந்த நேரம் நெருங்கியதும் நான் ஊசியைச் செல்லிலிருந்து மேலே தூக்கிவிட்டேன். ஆய்வுக்கூடத்திலிருந்து கூட வந்திருந்த பெங்களூர்க்காரருக்குக் கோபம். கிடைத்த செல்லை யாராவது கைவிடுவார்களா என்று சத்தம் போட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று மட்டும் சொன்னேன். சற்று நேரத்தில் தரை அதிர்ந்தது. அலமாரியில் பாட்டில்கள் கிணுகிணுத்தன, தட்டில் தண்ணீர் நடுங்கியது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்பா குளித்து, தலை வாரி வந்தார். ஊசியை மறுபடி இறக்கினேன். செல் அகப்பட்டது, படபடப்பும் கேட்டது. அப்பா மட்டும் சும்மா நின்றார். மிஷின் இரைச்சலில் அவர் காது எப்போதோ போயிருந்தது. கத்திப் பேசியே பழகியதில் வீட்டில் நாங்கள் அதை மறந்தே போயிருந்தோம்.

அவர் கையைப் பிடித்து ஒலிபெருக்கியின் மேல் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். எதுவும் சொல்லாமல் மருந்தை விட்டேன்.

“நின்னுபோச்சே,” என்று கண்ணைத் திறந்தார். “நீயா நிறுத்தனே?”

தலையாட்டினேன். துடிப்பு மெல்லத் திரும்பியது. அப்பா கையை எடுக்கவே இல்லை. தன்னோடு வந்து வாசலில் நின்ற ஷிஃப்ட் ஆட்களை மறு கையால் கூப்பிட்டார்.

“வாங்க, எம் பொண்ணு இன்னா பண்ணிக்கீறான்னு வந்து பாருங்க.”

பிறகு என் பக்கம் திரும்பி, “இன்னொரு தபா நிறுத்து,” என்றார்.

நிறுத்தினேன்.