தடுப்பாட்டத்துக்கு மாப்பிள்ளை பார்த்த கதை

எனக்குப் புள்ளியியல் தெரியும், கோலம் போடத் தெரியும், பனியில் வழுக்காமல் புடவை கட்டிக்கொண்டு நடக்கத் தெரியும். கால்பந்து தெரியாது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பிப்ரவரி மாதம், கனடாவின் மொன்றியல் நகரில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த டவுன்டவுன் பல்கலைக்கழகத்தில், கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர் தேர்ந்தெடுக்கும் குழுவில் என்னைப் போட்டுவிட்டார்கள். எந்த நியமனக் குழுவிலும் ஆசிரியர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது அங்கே விதி. வழக்கமாகப் போகும் வேதியியல்காரர் ஓராண்டு விடுப்பில் இருந்தார். துறைக் கூட்டத்தில் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போன இரண்டு நிமிஷத்தில் என் பெயரை எழுதிவிட்டார்கள்.

வீட்டில் சொன்னேன். என் கணவர் இரண்டு நாள் விடாமல் சிரித்தார். "கால்பந்துன்னா காலால உதைக்கிறதுன்னு நெனச்சுட்டியா?" என்றார். அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒத்துக்கொள்ளவில்லை.

அங்கே கால்பந்து என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. ஓடுகிறவன் மேல் எதிரணி மொத்தமும் விழுந்து அமுக்கும். ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேர், மூன்று முயற்சி, பத்து கஜம். அதற்குள் முன்னேறாவிட்டால் பந்து கைமாறும். நாங்கள் தேட வேண்டியிருந்தது தடுப்பாட்டப் பயிற்சியாளரை. பந்து எதிரணியிடம் இருக்கும்போது நம் பன்னிரண்டு பேரும் எங்கே நிற்பது, யார் யாரை மறிப்பது என்று திட்டம் போடுகிறவர் அவர்தான்.

குழுவில் மூன்று பேர். விளையாட்டுத் துறை இயக்குநர், அணியின் தலைமைப் பயிற்சியாளர், நான். கடைசிச் சுற்றுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். முதலாமவர் மேற்கு மாகாணத்துக்காரர். நல்ல சூட், வண்ண வண்ணத் தடுப்பு அட்டைகள் வைத்த கோப்பு, படம் காட்டும் கருவியில் போட்டு விளக்க இருபது தாள்கள். என்னை ஒரு தடவைகூடப் பார்க்காமல் ஒரு மணி நேரம் பேசினார். இயக்குநருக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இரண்டாமவர் உள்ளூர்க்காரர், பிரெஞ்சு பேசுகிறவர். பகலில் மொன்றியல் துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கட்டி இறுக்கும் வேலை. மாலையில் ஒரு சின்னக் கல்லூரியின் அணிக்குக் கிட்டத்தட்ட இலவசமாகப் பயிற்சி. அவருடைய விண்ணப்பம் தட்டச்சு செய்த இரண்டே பக்கம். அதில் கடைசி வரி: "இந்தப் பதவிக்கு நான் விண்ணப்பிப்பது இது மூன்றாவது முறை. எனக்கு நாற்பத்திரண்டு வயது. இதற்கு மேல் கேட்க மாட்டேன்."

அந்த வரி என்னை என்னவோ செய்தது. தலைமைப் பயிற்சியாளருக்கும் இவர் மேல்தான் கண். ஆனால் இயக்குநர் ஒரு வதந்தியைத் தூக்கிப் போட்டார். "முன்கோபி என்று சொல்கிறார்கள். ஒருமுறை நடுவரோடு சண்டை போட்டு மைதானத்தை விட்டே வெளியேற்றப்பட்டாராம். மாணவர்களை இவரிடம் எப்படி ஒப்படைப்பது?"

ஆக ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவது ஓட்டு என்னுடையது.

கோபத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் மூக்கு நுனியிலேயே அது உட்கார்ந்திருக்கும். கோபக்காரர்களில் இரண்டு வகை உண்டு என்பதும் தெரியும். தன் மரியாதைக்குக் குறைச்சல் என்று கத்துகிறவர்கள் ஒரு வகை. எதிரில் இருக்கிறவனுக்கு அடிபட்டுவிடுமே என்று கத்துகிறவர்கள் இன்னொரு வகை. இவர் எந்த வகை என்று இரண்டு பக்க விண்ணப்பத்தில் எப்படித் தெரியும்? அவரே பெயர் கொடுத்த பரிந்துரைக்காரர்களைக் கேட்டால் நல்லதாகத்தான் சொல்வார்கள்.

நம் வீடுகளில் மாப்பிள்ளை பார்க்கும்போது ஜாதகம் பொருந்தினால் மட்டும் போதுமா? அதற்கப்புறம்தானே விசாரிப்பு ஆரம்பிக்கும். அந்தத் தெருவில் தெரிந்தவர் யார், அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர் யார் என்று ஆள் தேடிப்பிடித்து, சம்பந்தமே இல்லாததுபோல் பேச்சுக் கொடுத்து விஷயத்தைக் கறப்பார்கள். என் அக்காவுக்குப் பார்த்தபோது அம்மா, மாப்பிள்ளை வீட்டுக்கு எதிரே இருந்த இஸ்திரிக்காரரிடமே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். எனக்கு அந்த முறையில் முழு நம்பிக்கை.

எனக்கு ஆளும் இருந்தது. அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் வட்டாரத்தில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருந்த யாழ்ப்பாணத் தம்பி, துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். குழு விஷயம் எதையும் வெளியில் மூச்சு விடக் கூடாது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நான் விதியை மீறுகிறவள் இல்லை. அதனால் எதற்கு என்று சொல்லாமல், ஆளின் பெயரையும் கேட்க வேண்டிய கேள்விகளையும் மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கோபம் எப்படி? குடிப்பாரா? கூட வேலை செய்கிறவர்கள் மதிக்கிறார்களா? வீட்டில் எப்படி? யாருக்கும் தெரியாமல் விசாரிக்கவும்.

அம்மாவின் பட்டியல் அப்படியே என் கையெழுத்தில் வந்திருக்கிறது என்பது எனக்கு உறைக்கவில்லை. தம்பி அதைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "விளங்குது அக்கா. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. நான் பக்குவமா விசாரிச்சுப்போட்டு வாறன்" என்றார்.

நாலாம் நாள் மேலே வந்தார். காலணியைக் கழற்றிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல், ஒருவித துக்க முகத்தோடு நின்றார்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. அந்தாள் சரிவராது."

எனக்குப் பகீரென்றது. "ஏன் தம்பி? ரொம்பக் கோபக்காரரா?"

"கோவமோ? அப்பிடி ஒண்டும் இல்லை. தங்கமான மனுசன். போன வருசம் ஒரு கம்பி அறுந்து வரேக்கை, கீழ நிண்ட பெடியனைக் கத்திக் கலைச்சிருக்கிறார். அந்தச் சத்தம் இல்லாட்டி அந்தப் பெடியன் இண்டைக்கு இல்லையாம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்திலை கன்டெய்னர் கதவிலை சோக்காலை வட்டமும் கோடும் கீறிக்கொண்டு இருப்பாராம். குடி இல்லை. ஆனா அக்கா..." அவர் மூச்சை இழுத்து விட்டார். "அந்தாள் கலியாணம் முடிச்சிட்டார். ரெண்டு பிள்ளையளும் இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டுமே. அதனால என்ன?"

அவர் திடுக்கிட்டுப் போனார். "என்ன அக்கா இப்பிடிச் சொல்லுறியள்? உங்கட மச்சாளின்ரை வாழ்க்கை எல்லோ!"

என் கணவரின் தங்கை அப்போது எங்களோடு தங்கி ஆராய்ச்சிப் படிப்பு முடித்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "எனக்கா? ஆள் எப்படி இருக்கார்?" என்று கேட்டாள். அந்தத் தோசை கருகிப்போனது. நாங்கள் மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். மாப்பிள்ளை இல்லை, ஒரு வேலை விஷயம், அதற்கு மேல் கேட்காதீர்கள் என்று சொல்லி, தம்பிக்கு மூன்று தோசை போட்டு அனுப்பினேன். எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. இரண்டாவது வகைக் கோபம். விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவாரம் அவருடைய நேர்காணல். கோட்டு கொஞ்சம் இறுக்கம், கைகள் மட்டும் முறம்போல் அகலம். படம் காட்டும் கருவி வேண்டாம் என்றார். காப்பித் தட்டிலிருந்த சர்க்கரைப் பொட்டலங்களை எடுத்துப் பன்னிரண்டை என் முன்னால் வைத்தார், பன்னிரண்டைத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். "மேடம், நீங்கள்தான் எதிரணி. பந்து உங்களிடம். எங்கே வேண்டுமானாலும் ஓடுங்கள்."

வலது பக்கம் ஒரு பொட்டலத்தை நகர்த்தினேன். அவருடையது ஏற்கெனவே அங்கே நின்றது. நடுவில் நுழைந்தேன், அங்கேயும் இரண்டு. நாலாவது தடவை எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?"

"வலப்பக்கம் போவதற்கு முன்னால் நீங்கள் இடப்பக்கம் பார்க்கிறீர்கள். எல்லாரும் போகிற இடத்தை முன்கூட்டியே எங்காவது காட்டிவிடுவார்கள். என் பையன்களுக்கு நான் சொல்லித்தருவது பார்ப்பதைத்தான். அமுக்குவது அதற்கப்புறம்."

இருபது வருஷம் பாடம் நடத்தியவள் நான். நல்ல வாத்தியார் எதிரில் உட்கார்ந்திருந்தால் எனக்குத் தெரியும். அந்த நிமிஷமே என் ஓட்டு விழுந்துவிட்டது.

கடைசியில் இயக்குநர், "நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு ஏதாவது உண்டா?" என்று சம்பிரதாயமாகக் கேட்டார். வந்தவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார்.

"ஒன்று இருக்கிறது. வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் என்னைப் பற்றி ஒரு கதை ஓடுகிறது. யாரோ ஓர் இந்தியக் குடும்பம் தங்கள் பெண்ணுக்கு என்னைப் பார்க்கிறார்களாம். குடிப்பேனா, கோபப்படுவேனா என்றெல்லாம் விசாரித்திருக்கிறார்கள். சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது. என் மனைவி கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை பார்க்கிறாள். அங்கே வரும் ஒரு தாய் மூலமாக அவள் காதுக்கும் போய்விட்டது. ஒரு வாரமாக நான் சோபாவில் படுக்கிறேன். இப்போதும் அவள் கீழே வண்டியில்தான் இருக்கிறாள். நான் உண்மையிலேயே நேர்காணலுக்குத்தான் வந்தேனா என்று பார்க்க வந்திருக்கிறாள்."

என் முகத்தில் ஈயாடவில்லை. இயக்குநர் பேனாவை மூடியிருந்தார், இப்போது திறந்தார். அவர் தாளில் பெரிதாக ஒரு கேள்விக்குறி விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். அவருக்கு வேண்டியது கையில் வந்து விழுந்துவிட்டது. தலைமைப் பயிற்சியாளர் கூரையைப் பார்த்தார். மூன்றாவது முறையாகக் கேட்கிற ஒரு மனிதரின் வேலை, இனிமேல் கேட்கவே போகாத ஒருவரின் வேலை, என்னுடைய அதிபுத்திசாலித்தனத்தால் மேஜையை விட்டு நழுவிக்கொண்டிருந்தது.

வாயைத் திறந்தால் விதியை மீறியவள் ஆவேன். குழுவிலிருந்து தூக்கலாம், துறையில் தலைகுனிவு. ஆனாலும் எழுந்து நின்றேன். எங்கள் பள்ளியில் தப்புச் செய்தால் எழுந்து நின்றுதான் சொல்ல வேண்டும்.

"அந்த இந்தியக் குடும்பம் நான்தான்" என்றேன்.

ஒன்று விடாமல் சொன்னேன். வதந்தி, பட்டியல், லாரிக்காரத் தம்பி, கருகிய தோசை, எங்கள் ஊரில் மாப்பிள்ளை விசாரிக்கும் முறை, இஸ்திரிக்காரர்வரை. காது சுட்டது. சொல்லி முடித்து அந்த மனிதரைப் பார்த்தேன். ஒரு வாரத் தூக்கத்தைக் கெடுத்தவள், வீட்டில் நெருப்பு வைத்தவள், வாழ்நாள் வேலைக்கே உலை வைத்தவள் எதிரே நிற்கிறேன். முன்கோபி என்றால் கோபப்பட அதைவிட நல்ல நேரம் அவருக்கு அமையாது. மேஜையையே கவிழ்த்திருக்கலாம், நான் தப்பே சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. முதலில் அழுகிறார் என்று பயந்துவிட்டேன். சிரித்தார். சர்க்கரைப் பொட்டலங்கள் சிதறச் சிதறச் சிரித்தார், டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். "கடைசியில் நான் பாஸா, மேடம்?" என்று கேட்டார்.

தலைமைப் பயிற்சியாளர் கோப்பை மூடினார். "கோபத்தைப் பற்றி எனக்கு இனிமேல் கேள்வி இல்லை. உங்களுக்கு?" என்று இயக்குநரைப் பார்த்தார். இயக்குநரும் மனிதர்தானே. உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடித்துவிட்டார். கேள்விக்குறி இருந்த தாள் குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. எனக்கு ஒரு கண்டிப்பும் கிடைத்தது, அதைச் சிரிப்பின் நடுவில் கொடுத்தார்.

கீழே போய் அந்த அம்மாளைப் பார்ப்பது என் பொறுப்பு என்று நானே சொல்லிவிட்டேன். வண்டியின் கண்ணாடியைத் தட்டினேன். என் புடவையைப் பார்த்ததும் அவர் கண் சிவந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் நான் சொல்லி முடிப்பதற்குள் அவரும் கணவர் மாதிரியே குலுங்க ஆரம்பித்துவிட்டார். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேலை கிடைக்குமா?" என்று கேட்டார். அந்த மூன்று முறையும் அவரும் சேர்ந்துதான் காத்திருந்திருக்கிறார்.

முடிவை அங்கே சொல்லக் கூடாது. ஒரே நாளில் இரண்டு தடவை விதியை மீற எனக்குத் தைரியமில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு எங்கள் வீட்டில் என்ன சொல்வார்களோ அதையே சொன்னேன். "வீட்டுக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்." ஆனால் அதை யாரும் அவ்வளவு வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்க மாட்டார்கள். அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். வெள்ளிக்கிழமை போன கடிதத்தில் மூன்று கையெழுத்து, அதில் என்னுடையதுதான் பெரிது.

செப்டம்பரில் முதல் ஆட்டம். நானும் கணவரும் நாத்தனாரும் கீழ்வீட்டுத் தம்பியும் போனோம். அந்த அம்மாள் இடம் பிடித்து வைத்திருந்தார். சுற்றியிருந்தவர்களிடம் என்னைக் காட்டி, "இவர்தான் என் கணவருடைய இரண்டாவது மாமியார்" என்று அறிமுகம் செய்தார். கடைசி நிமிஷத்தில் எதிரணி எங்கள் எல்லைக் கோட்டுக்கு இரண்டே கஜத்தில் வந்து நின்றது. அவர்களுக்கு ஒரே ஒரு முயற்சி பாக்கி. ஓரத்தில் நின்ற அவர், முறம் போன்ற கையை உயர்த்தி இடது பக்கம் காட்டினார். பந்து இடது பக்கமே வந்தது. எங்கள் பையன்கள் ஏற்கெனவே அங்கே நின்றார்கள். நான் பெஞ்சின் மேல் ஏறி நின்று, புள்ளியியல் பேராசிரியைக்குச் சற்றும் பொருந்தாத ஒரு கூச்சல் போட்டேன்.

அவர் திரும்பி, கூட்டத்தில் எங்களைத் தேடிப்பிடித்து, இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். அவர் மனைவி அழுதுகொண்டே சிரித்தார். நானும்தான். தம்பி மட்டும் தெர்மாஸிலிருந்து தேநீரை ஊற்றி எனக்குக் கொடுத்துவிட்டு, மைதானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"நான் அப்பவே சொன்னன்தானே அக்கா, தங்கமான மனுசன் எண்டு. கலியாணம் முடிச்சது ஒண்டுதான் குறை."